முதலில் பாரம் இறக்க ஓரிடம்: குமரி மாவட்டத்து வாலிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டிலேயே தேகாப்பியாசக் கூடம் அமைக்க முனைந்திருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே,

ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை நம் மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும், மாடியில் தகரக் கூரை வேய்ந்த ஒதுக்கிடத்திலோ, கார் நிறுத்தக் கட்டி வெறுமனே கிடக்கும் ஷெட்டிலோ, ரப்பர் ஷீட் காயப்போட்ட பழைய புகைப்புரையிலோ இரும்புக் கம்பியையும் தட்டுகளையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, விடியுமுன் எழுந்து தனியே பயிற்சி செய்கிற பிள்ளைகள் பலரைக் காண்கிறேன். காணும்போதெல்லாம் உவகை கொள்கிறேன். ஆனால் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த அண்ணன் கொடுத்த பணத்திலும், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த தொகையிலும் பார்த்துப் பார்த்து வாங்கிய அந்தச் சாதனங்களுக்கு நடுவே, தட்டுகள் குறைவின்றி இருக்க, சுவரில் ஆளுயரக் கண்ணாடி இருக்க, தோளில் பாரம் ஏற்றி உட்கார்ந்தெழும் ஸ்குவாட் பயிற்சிக்கு உரிய ஆதாரம் மட்டும் ஒன்றோடொன்று பிணைப்பில்லாத இரண்டு மெல்லிய குழாய்த் தூண்களாய் நிற்பதைப் பார்க்கையில் அந்த உவகையோடு கவலையும் சேர்ந்துகொள்கிறது. அக்கவலையே இம்மடலுக்குக் காரணம்.

ஸ்குவாட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தொடை, இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய மூன்றையும் ஒருங்கே வலுப்படுத்துவதில் அதற்கு இணையான அப்பியாசம் வேறொன்று இருப்பதாக நான் கருதவில்லை. நம் தாத்தாமாரும் பாட்டிமாரும், கன்னிப்பூ, கும்பப்பூ சாகுபடிகளுக்கு வயலில் குனிந்து நாற்று நட்டும், களத்தில் குத்தவைத்திருந்து நெல் தூற்றிக் கொழித்தும், அடுப்படியில் தரையிலமர்ந்து தேங்காய் துருவியும், நாளொன்றுக்கு எத்தனையோ முறை அந்த அப்பியாசத்தைத் தம்மையறியாமலே செய்துவந்தார்கள்; நாற்காலியிலேயே பொழுதைக் கழிக்கும் நமக்கு அதைத் தனியே ஒரு கடமையாய் வைத்துக்கொள்ள வேண்டிய காலம் வந்திருக்கிறது. ஆகவே பயிற்சியின் அவசியத்தில் எனக்குச் சம்சயமில்லை. எந்தச் சாதனத்தை முதலில் வாங்குவது, எதில் பணத்தைத் தாராளமாய்ச் செலவிடுவது, எதில் சிக்கனம் பிடிப்பது என்பதுதான் நான் உங்களோடு விவாதிக்க விரும்பும் விஷயம்.

தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாவிலாவது நீங்கள் போயிருப்பீர்கள். அங்கே இடுப்பளவு உயரமுள்ள பீடமொன்றின்மேல் உருண்டையான கல் ஒன்று வைக்கப்பட்டிருப்பதையும், ஏறக்குறைய 38 கிலோ நிறையுள்ள அக்கல்லைத் தலைக்குமேல் 101 முறை தூக்கிக் காட்டியவர்களே திருவிதாங்கூர்ப் படையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள் என்று வழிவழியாய்ச் சொல்லிவருவதையும் கேட்டிருப்பீர்கள். அந்த எண்ணிக்கையைக் கேட்டு வியப்பவர்கள் அனைவரும் கல்லையே பார்க்கிறார்கள். பீடத்தைப் பார்ப்பவர்கள் சிலரே. தரையில் கிடக்கும் கல்லைக் குனிந்தெடுப்பதிலேயே ஒருவனுடைய பலம் விரயமாகிவிடாமல், அவன் நிமிர்ந்து நின்றபடி எடுக்கவும், களைத்தபோது நிமிர்ந்து நின்றபடியே திரும்ப வைக்கவும் ஏற்ற உயரத்தில் கல்லுக்கு ஓர் ஆசனம் அமைந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது, பாரத்தைப் பரீட்சைக்கு வைத்தவர்கள் அதைத் தாங்கும் இடத்தையும் சேர்த்தே யோசித்தார்கள் என்று கொள்ளத் தோன்றுகிறது.

இதே யோசனையை நம் பழைய சாலைகளின் ஓரத்திலும் காணலாம். இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒன்றைக் கிடத்திய சுமைதாங்கி, தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்கள், கைகொடுக்க ஆளில்லாத பாதையிலும் தாமே சுமையை இறக்கி இளைப்பாறி, மறுபடி தாமே ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தலையுயரத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. வீட்டில் தனியே ஸ்குவாட் செய்கிறவனுக்கு வேண்டிய உபகரணமும் சாராம்சத்தில் இந்தச் சுமைதாங்கிதான். அதற்கு இரண்டு படிகள் வேண்டும் என்பது ஒன்றே வேறுபாடு. நின்றபடி ஏற்றவும் இறக்கவும் மார்புயரத்தில் ஒரு படி. உட்கார்ந்த நிலையில் எழ முடியாமற் போனால் பாரத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியேற, இடுப்புக்கும் தாழ்வான உயரத்தில் மற்றொரு படி. மேற்படியில்லாமல் யாரும் வாங்குவதில்லை. கீழ்ப்படியில்லாமல் வாங்குகிறவர்கள் அநேகர். அபாயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

போட்டிக்குப் பயிலும் வீரர்கள் இந்தக் கீழ்ப்படியில்லாமலே பாரம் தூக்குவதைக் காணொளிகளில் பார்த்துவிட்டு நீங்கள் ஐயுறக்கூடும். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014-இல் கிளாஸ்கோவில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆகமொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அவரைப் போன்றவர்கள் பயிலும் இடத்தில் பலகை மேடையுண்டு; கீழே போட்டாலும் துள்ளித் தணியும் ரப்பர்த் தட்டுகளுண்டு; கண்ணெதிரே பயிற்சியாளருண்டு. முடியாதபோது கம்பியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு முன்னே ஓரடி தாவுவதையே அவர்கள் ஒரு வித்தையாய்ப் பழகியிருக்கிறார்கள். நம் தென்களரிகளிலும் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைப் பிள்ளைகள் ஆசானின் கண்பார்வையில்தான் பயில்கிறார்கள். உங்கள் மாடியறையில் அந்த மேடையுமில்லை, ஆசானுமில்லை; வழவழப்பான தரையும், வார்ப்பிரும்புத் தட்டும், அடுத்த அறையில் உறங்கும் குழந்தையும் இருக்கும் இடத்தில் பாரத்தைப் பின்னால் எறிவது ஒரு வழியாகாது. துணைக்கு நிற்க வேண்டிய மனிதனின் இடத்தை அங்கே இரும்புதான் நிரப்ப வேண்டும்.

மார்புயரத்துப் படியில்லாத காலமும் இருந்தது. 1921-இல் ஜெர்மானிய மல்லரான ஹென்றி ஸ்டைன்போர்ன் 553 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ, பூட்டிய கம்பியை ஒரு முனையில் செங்குத்தாய் நிறுத்தி, அதன் கீழே சாய்ந்து குனிந்து, தோளின்மேல் உருட்டி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தெழுந்தார். அது ஓர் அபூர்வ மனிதரின் அபூர்வச் செயல். கம்பியைத் தாங்க இரண்டு தூண்கள் வந்தபிறகுதான் ஸ்குவாட் சாமானியருக்கும் உரிய பயிற்சியாயிற்று.

இப்போது இந்த ஆதாரத்தில், அதாவது ரேக்கில், கடைகளில் கிடைக்கும் வகைகளைச் சொல்கிறேன். தனித்தனியே நிற்கும் இரண்டு தூண்கள் விலை குறைந்தவை, இடமும் அடைக்காதவை. எனினும் கம்பியைத் திரும்ப வைக்கும்போது சற்றே ஒரு பக்கம் இடித்தாலும் ஒரு தூண் நகர்ந்து மற்றது தனியே நிற்கும். அவற்றை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். கீழே குறுக்குச் சட்டத்தால் பிணைக்கப்பட்டு, கீழ்ப்படியாய் முன்னால் நீண்ட இரு காப்புக் கைகளோடு வரும் அரை ரேக், பத்தடிக்குப் பத்தடி அறையுள்ளவர்களுக்குப் போதுமானது. நான்கு தூண்களும் உள்ளே ஆள் நிற்க இடமும் குறுக்கே செருகும் காப்புத் தண்டுகளும் உள்ள பவர் ரேக், இடமும் பணமும் இருப்பவர்களுக்கு எல்லாவற்றிலும் மேலானது. பயிற்சி செய்பவன் எந்தப் பக்கம் தடுமாறினாலும் கம்பி அந்தக் கூண்டுக்குள்ளேயேதான் விழும். கம்பி தண்டவாளத்தில் ஓடுவதுபோல் மேலும் கீழும் மட்டுமே செல்லும் ஸ்மித் இயந்திரத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதில் கொக்கியைத் திருப்பி எந்த உயரத்திலும் மாட்டிவிடலாம் என்பது உண்மை. ஆனால் மனித சரீரம் உட்காரும்போது கம்பி செல்லும் பாதையை அந்தந்த உடலின் அளவுகள் தீர்மானிக்க வேண்டுமேயல்லாமல் இயந்திரம் தீர்மானிக்கலாகாது. அதோடு, பாரத்தைச் சமநிலையில் வைத்துக்கொள்ளும் வேலையை இயந்திரமே செய்துவிடுவதால் உடல் அதைக் கற்றுக்கொள்வதுமில்லை. வேறு சாதனங்களோடு ஒன்றாய் இருப்பின் இருக்கட்டும், வீட்டின் ஒரே சாதனமாய் அது வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

வகையைத் தீர்மானித்தபின், பெயரைப் பார்த்து மயங்காமல் இரும்பைப் பாருங்கள். மூன்றங்குலச் சதுரக் குழாயும், அதன் சுவர் 3 மில்லிமீட்டர் கனமும் இருப்பின் ஒரு தலைமுறைக்குக் கவலையில்லை. இரண்டங்குலக் குழாயும் 2 மில்லிமீட்டருக்குக் கீழ்ப்பட்ட கனமுமாயின் கையால் அசைத்தாலே ஆடும். குழாயின் நுனியைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருப்பார்கள். ஆகையால் தூணிலுள்ள துளையின் விளிம்பில் வெர்னியரை வைத்து அளந்து பாருங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார். பிறகு கம்பி அமரும் கொக்கியைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் உட்புறம் கனத்த பிளாஸ்டிக் பட்டை பதித்திருக்க வேண்டும்; இல்லையேல் இரும்பு இரும்பை உரசிக் கம்பியின் பிடிமான வரிகளைத் தேய்த்துவிடும். கொக்கியின் முன்னுதடு ஓரங்குலத்துக்குக் குறைந்தால் கம்பி உருண்டு வெளியேறக்கூடும்; அளவுமீறி உயர்ந்தால் களைத்துத் திரும்புகிறவன் பாதவிரலில் எக்க வேண்டிவரும். தூணில் செருகியபின் கொக்கி பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும், வெல்டிங் ஒட்டு மீன்செதில் அடுக்கியதுபோல் தொடர்ச்சியாய் இருக்கிறதா, அன்றி அங்குமிங்கும் பொட்டுவைத்து அதன்மேல் வர்ணம் பூசி மறைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் துளைகளின் இடைவெளியைக் கவனியுங்கள். நீங்கள் முழுதும் உட்கார்ந்த நிலையில் கம்பிக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை விட்டுக் காப்புத் தண்டு நிற்க வேண்டும். துளைகள் நான்கங்குலத்துக்கு ஒன்றாய் இருந்தால், ஒரு துளையில் வைத்தால் ஒவ்வொரு முறையும் தட்டும், அடுத்த துளையில் வைத்தால் விழுந்தபின்தான் தாங்கும். இரண்டங்குலம் நலம், ஓரங்குலம் உத்தமம்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கிரில் கேட்டும் மாடிப்படியும் செய்கிற பட்டறைக்காரர்களிடமே ரேக் செய்து வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாய் வாங்கலாம் என்பேன். நம் பட்டறைகளில் கைத்தேர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் கேட்டுக்குப் போதுமான கனம் ரேக்குக்குப் போதாது என்பதை அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். குழாயின் கனம், துளைகளின் இடைவெளி, இரு தூண்களிலும் துளைகள் ஒரே மட்டத்தில் அமைவது ஆகிய மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கத் துளை கால் அங்குலம் தாழ்ந்தாலும் கம்பி சாய்ந்தே அமரும்.

ரேக்கின் அகலத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஒலிம்பிக் அளவுக் கம்பிகளில் ஆண்களுக்குரியது 20 கிலோ நிறையும் 220 சென்டிமீட்டர் நீளமும் 28 மில்லிமீட்டர் பிடிகனமும் உடையது; பெண்களுக்குரியது 15 கிலோ, 201 சென்டிமீட்டர், 25 மில்லிமீட்டர். இரண்டிலும் தட்டுகளுக்கு உட்பட்ட பகுதி 131 சென்டிமீட்டர். ரேக்கின் வெளியகலம் அதற்குள் சற்று இடம்விட்டு அடங்க வேண்டும். வீட்டுத் தொகுப்பென்று விற்கப்படும் ஐந்தடிக் கம்பியின் உட்பகுதி இதைவிட மிகக் குறுகியது. முழு அகல ரேக்கில் அது கொக்கியிலேயே சரியாய் அமராது. ஆகையால் ஐந்தடிக் கம்பியை முதலில் வாங்கிவிட்டு ரேக்கைப் பின்னால் தேடுவது காசை இருமுறை செலவழிப்பதாகும். கம்பிக்கு இருபுறமும் தட்டு மாற்ற இடம் வேண்டுமாதலால் அறையின் அகலம் 3 மீட்டருக்குக் குறையாமலிருப்பது நல்லது.

அறையென்றதும் தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875-இன்படி குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோவும், ஏறிச் செல்லக்கூடிய மொட்டை மாடியை 150 கிலோவும் தாங்கும்படி வடிவமைக்கிறார்கள். எட்டடிக்கு எட்டடி பலகை மேடை ஏறக்குறைய 6 சதுர மீட்டர்; ரேக், கம்பி, தட்டு, ஆள் எல்லாம் சேர்ந்து 300 கிலோ வந்தாலும் மேடை அதைப் பரப்பித் தருவதால் சதுர மீட்டருக்கு 50 கிலோதான் ஆகிறது. ஆகவே நிறைக்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது இடிக்கும் அதிர்ச்சிக்கும், ரேக்கின் கால்கள் மேடையின்றித் தளத்தை நேரே குத்தி நிற்பதற்கும்தான். கடலோர ஊர்களில் பூச்சு விண்டு உள்கம்பி துருவேறித் தெரியும் பழைய மாடியாயின் அங்கே வைக்கவே வேண்டாம். கீழ்த்தளத்து ஷெட் போதும். கால் ஊன்றும் நடுப்பகுதியில் பலகையும், தட்டுகள் விழும் இரு பக்கங்களில் ரப்பரும் இருப்பது முறை. மெத்தென்ற ரப்பரில் நின்று பாரம் தாங்கினால் பாதம் நிலைகொள்ளாது. அரசு ரப்பர் கழகமே 1984 முதல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மாவட்டம் நம்முடையது; ரப்பருக்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் கனத்த ரப்பர்ப் பாயே இதற்குச் சாலப் பொருந்தும். ஜிம் பாய் என்ற பெயரில் விற்பதைவிட மலிவுமாகும்.

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் கடற்கரையும், தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உடைய நாட்டில் இரும்புக்குப் பெரும்பகை துரு. கறுப்புப் பூச்சுக் கம்பி முதல் மழைக்காலத்திலேயே செம்மை காட்டும். துத்தநாகப் பூச்சு அதைவிடத் தேவலை. கெட்டிக் குரோமியம் அதனினும் நன்று. கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இயலுமானால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே வாங்கலாம். பயிற்சி முடிந்ததும் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, நைலான் தூரிகையால் வரிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மாதத்துக்கொருமுறை தையல் மிஷின் எண்ணெயை மெல்லியதாய்ப் பூசித் துடைத்துவிடுங்கள். வீட்டில் தேங்காய் எண்ணெய் தாராளமாய் இருக்கிறதே என்று அதைத் தடவவேண்டாம். தூசி படிவதோடு பிடியும் வழுக்கும். ரேக்கில் பூச்சு உரிந்த இடத்தில் உடனே ரெட் ஆக்சைடு தொட்டுவையுங்கள்.

தட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய தட்டேயாயினும் பாதகமில்லை. அச்சிட்ட நிறையை நம்பாமல் பக்கத்துக் கடைத் தராசில் ஒவ்வொன்றாய் நிறுத்து, உண்மை நிறையைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக்கொள்ளுங்கள். இடமும் வலமும் ஒத்திருந்தால் போதும்.

தங்கைமாருக்கும், முழங்கால் நோவுள்ள பெற்றோரையும் பயிற்சிக்கு அழைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்ணுக்கு எதற்கு இரும்பு என்று வீட்டில் யாரேனும் கேட்டால், 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் 110-உம் 130-உமாய் 240 கிலோ தூக்கி வெண்கலம் கொண்டுவந்ததைச் சொல்லுங்கள். ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்மணி அவர். தொடக்கத்தில் ரேக்கே வேண்டியதில்லை. ஒரு டம்பெல்லை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒரு முக்காலியை வைத்து, அதைத் தொடுமளவுக்கு உட்கார்ந்தெழுந்து பழகலாம். குதிகால் தரையிலிருந்து எழும்புகிறவர்கள் அதன்கீழ் ஒரு மெல்லிய பலகையை வைத்துக்கொள்ளலாம். மூட்டில் முன்பே வலியுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும். இப்படிச் சில மாதங்கள் பழகி, உடல் பாரம் கேட்கும்போது ரேக் வாங்கினால், தமக்கு வேண்டிய உயரமும் அளவும் என்ன என்பது அப்போது தானே தெரிந்திருக்கும்.

ரேக் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று செய்யவேண்டிய காரியங்களை மட்டும் சொல்லி முடிக்கிறேன். சொந்த வீடாயின் கால்களைத் தளத்தில் போல்ட்டால் இறுக்குங்கள். வாடகை வீடாயின் வீட்டுக்காரரைக் கேட்டுச் செய்யுங்கள், அவர் இசையாவிட்டால் ரேக்கின் பின்புறக் கிளைகளில் மிச்சத் தட்டுகளை மாட்டி அடிக்கனம் கொடுங்கள். கொக்கியை நெஞ்சின் நடு உயரத்தில், முழங்காலைச் சற்று மடித்தாலே கம்பிக்கடியில் புகும்படி வையுங்கள். காப்புத் தண்டுகளை வைத்தபின், வெறுங் கம்பியோடு உள்ளே நின்று முழுதும் உட்கார்ந்து, இனி எழ முடியாது என்றே எண்ணிக்கொண்டு, கம்பியைத் தண்டின்மேல் மெல்ல அமர்த்திவிட்டு முன்னால் நழுவி வெளியே வந்து பாருங்கள். பயமில்லாமல் வெளிவரப் பழகும்வரை ஒரு தட்டையும் ஏற்றாதீர்கள். பிறகு நீங்கள் தூக்கப்போகும் நிறையைவிடச் சிறிது கூடுதலாய்க் கம்பியில் பூட்டி, ஆளில்லாமல் அந்தத் தண்டுகளின்மேல் ஒருநாள் விட்டுவைத்து, மறுநாள் ஒட்டுகளையும் போல்ட்டுகளையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். தட்டுகளைக் கழற்றும்போது ஒரு பக்கத்தை முழுதும் காலிசெய்யாமல் இடம் ஒன்று வலம் ஒன்றாய்க் கழற்றுங்கள். தவறினால் கம்பி கவிழ்ந்து பக்கத்தில் நிற்பவரை அடிக்கும். தனியே பயிற்சி செய்யும் நாளில் அறைக்கதவைத் தாழிடாதீர்கள். முதல் மாதம் முடிந்ததும் எல்லா போல்ட்டுகளையும் ஸ்பானரால் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். புதுச் சட்டங்கள் அதற்குள் சற்றே தளர்ந்திருக்கும்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விழையும்
நாகர்கோவில்வாசி ஒருவன்